கண்ணாடித் தொட்டிக்குள் கடல்

2024 மே மாதம். கோடை விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்த பேரன் 'நீமோ' மீன் வேண்டும் என்று ஆசைப்பட்டான். திரைப்படத்தில் பார்த்த, ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட கோமாளி மீன் அது. கடல் மீன் என்பதால் சாதாரணத் தண்ணீரில் வாழாது. சரி என்று கூடத்தில் இரண்டடித் தொட்டி ஒன்று வைத்தேன். அறுபது லிட்டர் பிடிக்கும். முன்பு தங்கமீன் வளர்த்த அனுபவம் உண்டு. அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

மளிகைக்கடைக் கல்லுப்பைக் கரைத்தால் போதாதா என்று மீன்கடைக்காரரைக் கேட்டேன். சிரித்தார். மரக்காணம் உப்பளத்தில் பார்த்திருப்பீர்கள்: உப்பை வாரிய பிறகு கசப்புத் தண்ணீர் மிஞ்சும். கடலின் மக்னீசியம் பெரும்பாலும் அதில்தான் தங்கிவிடுகிறது. ஆகவே கல்லுப்பைத் திரும்பக் கரைத்தால் கடல் வராது, உப்புக் கரைசல்தான் வரும். தொட்டிக்கென்றே தனி உப்பு விற்கிறார்கள். லிட்டருக்கு 35 கிராம் கணக்கில் அறுபது லிட்டருக்கு 2 கிலோ 100 கிராம். மூன்று கேன் தண்ணீரில் கரைத்தேன். பால்மானியைப் போலவே ஒரு மிதவை உண்டு. அதை விட்டுப் பார்த்தால் 1.025 காட்ட வேண்டும், காட்டியது. காற்றுக்குழாய் ஓடியது. தண்ணீர் பளிங்கு மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் இரண்டு மீன் வாங்கி விட்டோம். ஐந்தாம் நாள் ஒன்று செத்தது. ஆறாம் நாள் மற்றதும் போயிற்று.

"தாத்தா, தண்ணி சுத்தமாத்தானே இருக்கு?" என்றான் பேரன். என்னிடம் பதில் இல்லை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னேன். "தண்ணி இன்னும் பழகலை சார். இருபது, முப்பது நாள் சும்மா ஓட விட்டிருக்கணும்" என்றார். முதலிலேயே கேட்காதது என் தவறு. பேரன் ஊருக்குக் கிளம்பும்வரை அந்தத் தொட்டிப் பக்கமே திரும்பவில்லை.

தண்ணீர் பழகுவது என்றால் என்ன? இதை யார், எப்போது கண்டுபிடித்தார்கள்? ஓய்வு பெற்றவனுக்கு நேரத்துக்குப் பஞ்சமில்லை. பள்ளிப் படிப்பு பிரெஞ்சு வழியில் என்பதால் சில பழைய அறிக்கைகளை நேராகவே படிக்க முடிந்தது. தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

கடல் உயிர்களைக் கண்ணாடித் தொட்டியில் வைத்து முறையாக ஆராய்ந்த முதல் ஆள் என்று பொதுவாகச் சொல்லப்படுபவர் ஒரு பெண். பெயர் ழான் வீல்ப்ரோ. 1794-இல் பிரான்சின் கொரேஸ் பகுதியில் ழுய்யாக் என்ற சிற்றூரில் பிறந்தவர். அப்பா செருப்புத் தைப்பவர். பதினெட்டு வயதில் பிழைப்புத் தேடிப் பாரீசுக்கு நடந்தே போனார். 400 கிலோமீட்டருக்கு மேல். தையல் வேலையில் சேர்ந்தார். 1816-இல் ஓர் இளவரசியின் திருமண உடையைத் தைத்துப் பெயர் வாங்கினார். பிறகு ஜேம்ஸ் பவர் என்ற வணிகரை 1818-இல் மணந்து சிசிலித் தீவின் மெசினா நகரில் குடியேறினார். அங்கே கடல் வாசலில் இருந்தது. படிப்பைத் தாமாகவே தொடங்கினார்.

அப்போது அறிஞர்களிடையே ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. ஆர்கொனாட் என்று ஒரு சிறு பேய்க்கணவாய் உண்டு. காகிதம்போல் மெல்லிய வெள்ளை ஓட்டுக்குள் இருக்கும். அந்த ஓடு அதனுடையதா, அல்லது பிறர் சங்கில் குடியேறும் நண்டைப்போல அதுவும் வேறொன்றின் ஓட்டில் குடியேறியதா? செத்ததைச் சாராயத்தில் ஊறப்போட்டுப் பார்த்தவர்களால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. உயிரோடு வைத்துப் பார்க்க வேண்டும். ழான் 1832-இல் கண்ணாடித் தொட்டி செய்தார். கடலுக்குள்ளேயே நங்கூரமிட்டு இறக்கும் கூண்டுகளும் செய்தார். ஓட்டை உடைத்துவிட்டுக் காத்திருந்தார். அந்த உயிர் தானே அதை ஒட்டிச் சரிசெய்தது. முட்டையிலிருந்து வளர்ந்த குஞ்சு தன் ஓட்டைத் தானே கட்டுவதையும் பார்த்தார். வழக்கு முடிந்தது. அவர் சேகரித்தவற்றில் பெரும்பகுதி 1838-இல் கப்பலோடு மூழ்கிவிட்டது. 1871-இல், பிறந்த ஊரிலேயே காலமானார்.

ழானுக்குக் கடல் பக்கத்தில் இருந்தது. பழைய நீரைக் கொட்டிவிட்டுப் புதிதாக மொண்டுகொள்ளலாம். கடல் தொலைவில் இருந்தால்? அந்தச் சிக்கலை இன்னொரு பெண் எதிர்கொண்டார். லண்டனில், வெஸ்ட்மின்ஸ்டர் மாதாகோவில் வளாகத்தில் குடியிருந்த பாதிரியாரின் மனைவி அன்னா தின். 1846-இல் டார்க்கீ என்ற கடலோர ஊருக்குப் போனவர், கல்லில் ஒட்டியிருந்த சிறு பவள உயிர்களைக் கண்டு மயங்கி, ஒரு ஜாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். அவை உருண்டுவிடாமல் இருக்க ஊசி நூலால் கடற்பஞ்சில் தைத்து வைத்தாராம்.

அவ்வளவு தூரத்திலிருந்து அடிக்கடி கடல்நீர் வரவழைக்க முடியாது. இருக்கும் நீருக்குக் காற்றூட்டினால் என்ன என்று யோசித்தார். திறந்த ஜன்னலருகே நின்று ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை ஊற்றி ஊற்றி எடுக்க வேண்டும். தினமும் அரை மணி, முக்கால் மணி நேரம். ஊற்றியது அன்னா அல்ல, வீட்டு வேலைக்காரச் சிறுபெண். அடுத்த ஆண்டு கடல்பாசியும் கற்களும் சேர்த்தார்கள். அந்தப் பவள உயிர்கள் கடலில்லாத லண்டனில் ஏறக்குறைய மூன்று ஆண்டு வாழ்ந்தன. 1859-இல் அன்னா எழுதிய கட்டுரை அச்சேறியது. அதில் அந்தப் பெண்ணைப் பற்றிய குறிப்பு உண்டு. ஆனால் அவள் பெயரை எந்த வரலாறும் சொல்வதில்லை. கோப்பில் அதிகாரியின் கையெழுத்து இருக்கும், எழுதியவன் யார் என்று இருக்காது. பல வருஷம் கோப்பு எழுதியவன் என்பதால் அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டேன்.

1845-இல் இங்கிலாந்தில் கண்ணாடி மீதான வரியை நீக்கியதால் கண்ணாடி மலிந்தது. 1850-இல் ராபர்ட் வாரிங்டன் என்ற ரசாயன அறிஞர் தங்கமீன், நீர்ச்செடி, நத்தை மூன்றையும் ஒரே தொட்டியில் வைத்து, ஒன்றின் கழிவு மற்றொன்றுக்கு உணவாகும் என்று காட்டினார். 1853-இல் லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன்காட்சி திறந்தது. அதற்கு உதவிய பிலிப் ஹென்றி காஸ் மறு ஆண்டே ஒரு நூல் எழுதினார். கடைச்சரக்கில் கிடைத்த நாலு உப்புகளை (சாப்பாட்டு உப்பு, பேதி உப்பு, மக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு) அளந்து கலந்து செயற்கைக் கடல்நீரும் செய்தார். நான் பொட்டலத்தில் வாங்கிய உப்புக்கு அதுதான் பாட்டன்.

காஸின் நூலைப் படித்துவிட்டு வீட்டுக்கு வீடு தொட்டி வைத்தார்கள். கடற்கரைப் பாறைக் குட்டைகளை வாரி எடுத்தார்கள். வாங்கியது செத்தால் மறுபடி வாரினார்கள். காஸின் மகன் எட்மண்ட் 1907-இல் எழுதிய நூலில், அப்பா காலத்தில் உயிர் ததும்பிய குட்டைகள் வெறிச்சோடியதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறார். நம் நாட்டில் பவளமும் கடற்குதிரையும் 2001-இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. எடுப்பதும் குற்றம், விற்பதும் குற்றம். யாராவது 'உயிர்ப் பவளம் தருகிறேன் சார்' என்றால் வாங்கிவிடாதீர்கள்.

ஆனாலும் அந்தத் தொட்டிகள் ஏன் செத்தன என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை. வந்த இடம்தான் எனக்கு வியப்பு. மீன்தொட்டியிலிருந்து வரவில்லை, பாரீசின் சாக்கடையிலிருந்து வந்தது.

கழிவுநீர் மண்ணில் ஊறும்போது அதிலுள்ள அம்மோனியா நைட்ரேட் ஆகிறது. அது எப்படி நடக்கிறது என்று அறிய, 1877-இல் ஷ்லோசிங், மூன்ட்ஸ் என்ற இரு பிரெஞ்சு அறிஞர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஒரு மீட்டர் நீளக் கண்ணாடிக் குழாயில் ஐந்து கிலோ மணலும் நூறு கிராம் சுண்ணாம்புக்கல் பொடியும் நிரப்பி, தினமும் கழிவுநீரை மெல்ல ஊற்றினார்கள். முதல் இருபது நாள் ஒன்றுமே நடக்கவில்லை. அம்மோனியா போனபடியே வந்தது. அதன்பிறகு நைட்ரேட் தலைகாட்டியது. நாளுக்கு நாள் கூடியது. கடைசியில் அம்மோனியாவே இல்லை.

அவர்கள் கேட்ட கேள்வி எளியது. இது வெறும் ரசாயன மாற்றம் என்றால் முதல் நாளே தொடங்கியிருக்க வேண்டாமா? எதற்காக இருபது நாள்? உயிருள்ள ஏதோ ஒன்று குடியேறிப் பெருகுவதற்குத்தான் அந்தக் காலம் தேவைப்பட்டிருக்க வேண்டும். குழாய்க்குள் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினார்கள், மாற்றம் நின்றது. பிறகு கொஞ்சம் மண் கரைத்த நீரை ஊற்றினார்கள், மீண்டும் தொடங்கியது. 1890 வாக்கில் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்ய அறிஞர் அந்த நுண்ணுயிர்களைப் பிரித்தே காட்டினார். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட் ஆக்கும். இன்னொரு வகை அதை நைட்ரேட் ஆக்கும்.

என் தொட்டியில் நடந்தது அப்போதுதான் விளங்கியது. மீன் செவுள் வழியாக அம்மோனியாவை வெளியேற்றும். அது நஞ்சு, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் பளிங்காகவே இருக்கும். தங்கமீன் தொட்டியைவிடக் கடல்நீரில் காரத்தன்மை கூடுதல் என்பதால் அதே அம்மோனியா இங்கே இன்னும் கொடியது. தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் மூன்று நாளில் எங்கிருந்து வரும்? அன்னாவின் ஜாடிக்கு அவை கல்லோடும் பாசியோடும் வந்து சேர்ந்திருக்கும். என் தொட்டிக்கு அப்படி எதுவும் வரவில்லை.

ஜூன் மாதம் மறுபடி தொடங்கினேன், மீன் இல்லாமல். மணலும் சாதாரணக் காய்ந்த கல்லும் போட்டேன். தினமும் ஒரு சிட்டிகை மீன் தீனி மட்டும் போடுவேன். அது அழுகி அம்மோனியாவைத் தரும். கடையில் சொட்டுமருந்துபோல் சோதனைப் பெட்டி கிடைக்கிறது. அம்மோனியா இருந்தால் மஞ்சள் நீர் பச்சையாகும். நாள், நிறம் இரண்டையும் பழைய டயரியில் எழுதி வந்தேன். ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அல்ல. எனவே குறைவதை வெறும் நல்ல தண்ணீரால் நிரப்பினேன். "காலித் தொட்டிக்கு இவ்வளவு உபசாரமா?" என்றாள் மனைவி. இருபது நாள் கடந்தும் பச்சை மாறவில்லை. முப்பத்து நாலாம் நாள் அம்மோனியா மஞ்சளில் நின்றது. நைட்ரைட் ஓய மேலும் பத்து நாள் ஆயிற்று.

செப்டம்பர் கடைசியில், காலாண்டுத் தேர்வு விடுமுறைக்குப் பேரன் வந்தான். டயரியை நீட்டினேன். முதல் பக்கத்திலிருந்து படித்தான். சோதனையைத் தானே ஒருமுறை செய்து பார்த்த பிறகுதான் கடைக்குக் கிளம்பினான். குஞ்சுப் பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இரண்டு வாங்கினோம். கடலிலிருந்து பிடித்தது வேண்டாம் என்று இருவருமே சொன்னோம்.

நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் நம் ஊரை ஒட்டிக் கரை கடந்த இரவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. மின்சாரம் போய்விட்டது, காற்றுக்குழாய் நின்றது. மீனுக்கு மட்டுமல்ல, அந்த நுண்ணுயிர்களுக்கும் மூச்சு வேண்டும். சில மணி நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை. சமையலறையிலிருந்து சொம்பை எடுத்துவந்தேன். தொட்டி நீரை மொண்டு, ஒரு முழ உயரத்திலிருந்து திரும்ப அதிலேயே ஊற்றினேன். கால் மணி நேரம் ஊற்றுவது, கொஞ்சம் உட்காருவது, மறுபடி ஊற்றுவது. பன்னிரண்டு மணிக்கு மேல் கை வலித்தது. "குடுங்க, நீங்க போய்ப் படுங்க" என்று மனைவி சொம்பை வாங்கிக்கொண்டாள். மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவள் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது, லண்டனில் ஜன்னலருகே நின்ற அந்தப் பெயர் தெரியாத சிறுபெண்தான் நினைவுக்கு வந்தாள்.

விடிந்தது. மீன் இரண்டும் உயிரோடு இருந்தன. டயரியில் அன்றைய தேதியிட்டு, இரவு ஒன்று முதல் நாலு வரை நீர் ஊற்றியது யார் என்று மனைவியின் பெயரை முழுதாக எழுதி வைத்தேன்.