பணிப்பட்டியலுக்குள் ஒளிந்திருக்கும் கோட்பாடு: ஒரு சிறு வரலாறு

பணி மேலாண்மை மென்பொருள்களின் வரலாற்றை, வசதிகள் ஒவ்வொன்றாகக் கூடிவந்த கதையாகவே நாம் பெரும்பாலும் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது. 'பணி' என்பது எது என்பதை முடிவு செய்பவர் யார்? மென்பொருளை எழுதியவரா, அதைக் கையாள்பவரா?

லோட்டஸ் நிறுவனம் 1988ஆம் ஆண்டு 'அஜெண்டா' என்ற மென்பொருளை வெளியிட்டது. மிட்ச் கேப்போர், ஜெர்ரி கேப்லன், எட் பெலோவ் ஆகியோர் அதன் வடிவமைப்பாளர்கள். அன்றைய தரவுத்தளங்கள் முதலில் கட்டங்களை வரையறுக்கச் சொல்லும். பிறகே தகவலை ஏற்கும். அஜெண்டா இந்த வரிசையைத் தலைகீழாக்கியது. தோன்றியதை ஒரு வரியாக எழுதிவிடலாம்; வகைமைகளைப் பின்னர் உருவாக்கலாம்; ஒரே குறிப்பு பல வகைமைகளின் கீழ் நிற்கலாம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அதன் வளர்ச்சி நிறுத்தப்பட்டது. 1992இல் அதே நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 'ஆர்கனைசர்', காகித நாட்குறிப்பேட்டின் தோற்றத்தையே திரையில் காட்டியது. வெற்றுத் திரையைவிடப் பழகிய பக்கம் எளிதாகத் தோன்றியிருந்தால் வியப்பில்லை.

அஜெண்டா எழுப்பிய சிக்கல் அதனுடன் மறையவில்லை. வேலைமுறைகள் பெருகப் பெருக அதுவும் கூர்மையடைந்தது. டேவிட் ஆலன் 2001இல் 'கெட்டிங் திங்ஸ் டன்' நூலில் முன்வைத்த முறை, 'நான் இருக்கும் இடத்தில் இப்போது எதைச் செய்ய இயலும்?' என்று கேட்கிறது. அதற்குச் சூழல்வாரியான பட்டியல்கள் தேவை. டொயோட்டா தொழிற்சாலைகளில் தைச்சி ஓனோ உருவாக்கி, பின்னாளில் மென்பொருள் குழுக்களை வந்தடைந்த கான்பான், 'எந்தக் கட்டத்தில் எத்தனை வேலைகள் தேங்கியுள்ளன?' என்று கேட்கிறது. அதற்குப் பத்திகளும் உச்சவரம்பும் தேவை. 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ வகுத்த பொமொடோரோவுக்கு 25 நிமிடக் கவனமே அலகு. அதற்குக் கடிகாரம் தேவை. மூன்றிலும் 'பணி' என்ற சொல் ஒன்றுதான், பொருள்தான் வேறு. ஒரு முறைக்கெனக் கட்டிய மென்பொருளுக்குள் மற்றொரு முறையைப் புகுத்துவோர் திணறுவது இதனால்தான்.

இச்சிக்கலுக்கு வலுவான விடையொன்று வணிக நிறுவனத்திலிருந்து வரவில்லை. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர், ஈமாக்ஸ் உரைத்திருத்தியில் இருந்த உள்தலைப்புக் கருவியில் நிறைவு காணாமல், தம் குறிப்புகளையும் திட்டங்களையும் ஒழுங்குபடுத்த 2003இல் 'ஆர்க்' முறைமையை உருவாக்கினார். 2007இல் வெளிவந்த ஈமாக்ஸ் 22ஆம் பதிப்பில் அதுவும் இடம்பெற்றது. இதில் பணி தனிப் பட்டியலில் வாழ்வதில்லை. குறிப்பின் நடுவே, அது பிறந்த இடத்திலேயே நிற்கிறது. பணியின் நிலைகளுக்குப் பயனரே பெயரிடலாம். அடையாளச் சொற்களைச் சூழல்களாகக் கொண்டால் ஆலனின் முறை. நிலைகளைக் கட்டங்களாகக் கொண்டால் கான்பானின் சாயல். நேரப்பதிவைச் சேர்த்தால் சிரில்லோவின் வழி. கோப்பு வெறும் உரையாக இருப்பதால், ஒரு நிறுவனத்தின் முடிவால் அது திறக்க இயலாமற்போவதில்லை.

இந்த நெகிழ்வு இலவசமாகக் கிடைப்பதன்று. தம் வேலை எத்தகையது என்று பயனர் முன்னரே ஓரளவு சிந்தித்திருக்க வேண்டும். கருவியைச் செப்பனிடுவதே வேலையாகிவிடும் ஆபத்தும் உண்டு.

ஆயினும் ஆய்வு மாணவர்களுக்கு இவ்வரலாறு முக்கியமானது. ஆவணக் காப்பகத்தில் ஒரு கோப்பைப் படிப்பது எப்போது 'முடிந்தது'? படித்த கோப்பு மூன்று புதிய கேள்விகளை எழுப்பினால் அது முன்னேற்றமா, தேக்கமா? 'முடிந்தது', 'முடியவில்லை' என்ற இரண்டே கட்டங்களைக் கொண்ட கருவி, இரண்டாம் கேள்விக்குத் தேக்கம் என்றே விடை சொல்லும். நாளடைவில் நாமும் அந்த விடையை நம்பத் தொடங்கி, எளிதில் முடியக்கூடிய கேள்விகளை மட்டுமே தேர்ந்தெடுப்போம். ஆகவே ஒரு கருவியை ஏற்குமுன் அதன் வசதிகளை எண்ணுவதைக் காட்டிலும், அதன் கட்டங்களுக்குப் பெயரிடும் உரிமை யாரிடம் இருக்கிறது என்று பார்ப்பது நல்லது.