சூரியச் செயல்பாடும் சென்னையின் காற்று வெப்பநிலையும்

சூரியப் புள்ளிகள், சுடர்கள், காந்தப்புலம் ஆகியவை சுமார் 11 ஆண்டுச் சுழற்சியில் கூடிக் குறைவதைச் சூரியச் செயல்பாடு என்பர். இச்சுழற்சி ஒரு நகரின் வெப்பநிலையை எவ்வளவு மாற்றும் என்ற கேள்வியுடன் சென்னைக்கு நீண்ட தொடர்பு உண்டு. சென்னை வெயிலின் ஏற்ற இறக்கத்தில் இச்சுழற்சியின் பங்கு மிகச் சிறியது. பருவம், கடற்காற்று, நகர வளர்ச்சி, புவி வெப்பமாதல் ஆகியவற்றின் பங்கே பெரிது.

வரலாறு

நுங்கம்பாக்கத்தில் 1792இல் சென்னை வானாய்வகம் எழுந்தது. அங்கு 1796 முதல் வானிலை பதிவு செய்யப்பட்டது. தொடக்ககாலக் கருவியைத் தாங்கிய கருங்கல் தூண், இன்றைய மண்டல வானிலை ஆய்வு மைய வளாகத்தில் இன்னும் நிற்கிறது. சூரியப் புள்ளிகளின் சுழற்சியை ஜெர்மானியரான ஷ்வாபே 1843இல் அறிவித்தார். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது, புள்ளிகள் குறையும் ஆண்டுகளில் சென்னையில் மழையும் குறைகிறது என்று பிரித்தானிய இந்திய அரசின் அதிகாரி டபிள்யூ. டபிள்யூ. ஹண்டர் வாதிட்டார். சூரியனைத் தொடர்ந்து கவனித்தால் பஞ்சத்தை முன்னறியலாம் என்ற நம்பிக்கை, 1899இல் கொடைக்கானல் சூரிய ஆய்வகம் உருவாகத் துணைநின்றது. அங்கு நூறாண்டுக்கும் மேலாக எடுக்கப்பட்ட சூரியப் படங்கள் உலக ஆய்வாளர்களுக்கு அரிய செல்வம்.

ஆற்றலின் அளவு

பூமியின் வளிமண்டல உச்சியில், சூரியனை நேர்நோக்கிய ஒரு சதுர மீட்டர் பரப்பில் சுமார் 1361 வாட் ஆற்றல் விழுகிறது. சுழற்சியின் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் இடையே இது மாறுவது ஏறத்தாழ 0.1 விழுக்காடுதான். அதனால் உலகச் சராசரி வெப்பநிலை சுமார் 0.1 பாகை செல்சியஸ் மாறுகிறது. புற ஊதாக் கதிர்கள் இதைவிட அதிகமாக மாறினாலும், அவற்றின் நேரடி விளைவு பெரும்பாலும் மேல்வளிமண்டலத்தில் நிகழ்கிறது.

ஜனவரித் தொடக்கத்தில் பூமி சூரியனுக்கு மிக அருகில் இருப்பதால், ஜூலையைவிட சுமார் 7 விழுக்காடு கூடுதல் ஆற்றல் பெறுகிறது. ஆயினும் சென்னையில் ஜனவரி இதமான மாதம். கதிர் விழும் கோணமும் பகலின் நீளமும் அந்த 7 விழுக்காட்டையே மறைத்துவிடும்போது, 0.1 விழுக்காடு தனித்துத் தெரிய வழியில்லை.

உள்ளூர்க் காரணிகள்

மே மாதத்தில் நிலம் சூடேறியதும், கடலிலிருந்து குளிர்ந்த காற்று நகருக்குள் நுழையும். அது நண்பகலிலேயே வந்தால் வெப்பம் தணியும். மேற்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதைத் தடுத்தால் பாதரசம் 40 பாகையைத் தாண்டும். நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று பதிவான 45 பாகை, சூரியச் சுழற்சி உச்சம் கடந்து இறங்கிக்கொண்டிருந்த காலத்தது. கத்திரி வெயிலும் பருவத்தின் விளைவே. அது ஆண்டுதோறும் வருவது, 11 ஆண்டுச் சுழற்சியைச் சார்ந்ததன்று. பகலில் கான்கிரீட்டும் தாரும் உள்வாங்கும் வெப்பம் இரவில் வெளியேறி, நகரை எளிதில் குளிரவிடுவதில்லை.

நீண்டகாலப் போக்கு

1980களுக்குப் பின் சூரிய ஆற்றலில் உயர்வுப் போக்கு இல்லை. உலக வெப்பநிலையோ தொடர்ந்து ஏறியிருக்கிறது. இதற்கு முதன்மைக் காரணம் மனிதர் வெளியிடும் பசுங்குடில் வாயுக்கள். ஆகவே நகரின் வெம்மையைத் தணிக்க மரங்களையும் நீர்நிலைகளையும் காப்பதும், கரிம உமிழ்வைக் குறைப்பதும் இன்றியமையாதவை.