கோப்பை ஆட்டமும் வெளியூர்ப் பயணமும்

இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1871-இல் தொடங்கிய எஃப்.ஏ. கோப்பைப் போட்டியில், நாட்டின் முதல்தரக் கழகமும் ஒரு சிற்றூரின் சிறு மைதானத்தில் ஆடும் கழகமும் ஒரே குலுக்கலில் இடம்பெற்று, ஒன்றையொன்று எதிர்த்து ஆட நேர்கிறது. 1888-இல் 12 கழகங்கள் கூடித் தொடங்கிய தொழில்முறை லீக் காலப்போக்கில் நான்கு பிரிவுகளாக விரிந்தது. இன்று அந்நான்கு பிரிவுகளிலும் உள்ள 92 கழகங்களுக்குக் கீழே ஆடுபவையே லீக் சாராத கழகங்கள் எனப்படுகின்றன. இக்கழகங்களின் கோப்பை வரலாறு பெரும்பாலும் கோல்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. ஆனால் அந்தக் கோல்களைக் காண ஊர் திரண்டு வெளியூர் சென்ற பயணத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை எழுதப் புகுந்தால் ஆலையின் வேலை நேரம், ரயில் கட்டணம், மூடப்பட்ட ரயில் பாதை ஆகியவற்றைப் பேசாமல் ஒரு பக்கம்கூட நகர முடியாது.

தொழிலாளர் வெளியூர் செல்வதற்கு முதலில் வேண்டியிருந்தது ஓய்வு நேரம். 1850-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், துணி ஆலைகளில் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பின் வேலை செய்வதைத் தடுத்ததால், அவர்கள் இல்லாமல் இயங்க முடியாத ஆலைகள் அந்நேரத்தோடு நின்றன. கால்பந்து ஆட்டங்கள் சனிக்கிழமை பிற்பகலுக்கு உரியவை ஆனதற்கு இந்த அரைநாள் விடுமுறையே அடிப்படை. இரண்டாவதாக வேண்டியிருந்த மலிவான ரயில் பயணத்துக்கு, 1841-இல் தாமஸ் குக் மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காக லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ஆட்களை அழைத்துச் சென்றது போன்ற சலுகைக் கட்டண ரயில்கள் வழி அமைத்திருந்தன. இவ்விரண்டும் கூடியதன் விளைவை லண்டன் 1880-களில் கண்டது. 1883-இல் பிளாக்பர்ன் ஒலிம்பிக் கழகம் ஓல்ட் ஈட்டோனியன்ஸ் அணியை வென்று கோப்பையை லங்காஷயருக்குக் கொண்டு சென்றதற்கு மறு ஆண்டு, பிளாக்பர்ன் ரோவர்ஸ் அணியுடன் வந்த ஆலைத் தொழிலாளரின் உடையையும் பேச்சையும் லண்டன் பத்திரிகையொன்று இழிவாக எழுதியது. வெளியூர் ரசிகர் என்ற மனிதர் ஆங்கிலப் பத்திரிகைகளில் முதன்முதலாக உருப்பெற்றபோது ஏளனத்துக்கு உரியவராகவே காட்டப்பட்டார் என்பது கருதத்தக்கது.

லீக் தோன்றிய பின் அதற்கு வெளியிலிருந்து கோப்பையை வென்ற ஒரே கழகம், அன்று சதர்ன் லீக் என்ற தனிப்போட்டியில் ஆடிய டாட்டன்ஹாம் ஹாட்ஸ்பர் ஆகும். 1901 ஏப்ரல் 20-இல் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் ஷெஃபீல்ட் யுனைடெட்டுடன் நடந்த இறுதி ஆட்டத்தை 1,10,820 பேர் கண்டனர். ஆட்டம் 2-2 என முடிந்தது. ஒரு வாரம் கழித்து லங்காஷயரின் போல்டன் நகரில் மறு ஆட்டம் வைக்கப்பட்டபோது, அந்நகர வணிகர்கள் பெருங்கூட்டத்தை எதிர்நோக்கி இறைச்சி அடைத்த பை எனும் பண்டத்தை மலைபோல் செய்து வைத்தனர். ஆனால் போல்டன் ரயில் நிலையத்தில் அப்போது கட்டுமானப் பணி நடந்துகொண்டிருந்ததால், லங்காஷயர் - யார்க்ஷயர் ரயில் நிறுவனம் சலுகைக் கட்டணச் சீட்டு வழங்க மறுத்துவிட்டது. முழுக் கட்டணம் செலுத்தி வரக்கூடியவர் சிலரே ஆகையால், மைதானத்தில் கூடியோர் 20,000-ஐ ஒட்டியே இருந்தனர். விற்காத பைகள் கடைகளில் தேங்கின. அந்நாள் போல்டன் மக்களின் நினைவில் பை சனிக்கிழமை என்றே நின்றுவிட்டது. டாட்டன்ஹாம் 3-1 என்ற கணக்கில் வென்ற அந்த அரிய வெற்றியைக் காணும் வாய்ப்பை அதன் ரசிகர்களில் மிகப் பலருக்கு மறுத்தது, ஒரு ரயில் நிறுவனத்தின் கட்டண முடிவே.

கழகங்களின் எண்ணிக்கை பெருகவே 1888-இல் தகுதிச் சுற்றுகள் ஏற்பட்டன. 1925-26 பருவத்திலிருந்து மேலிரு பிரிவுக் கழகங்கள் மூன்றாம் சுற்றில்தான் போட்டிக்குள் நுழைகின்றன. ஆகவே ஆகஸ்டில் அண்டை ஊர் மைதானத்துக்குப் பேருந்தில் சென்று தொடங்கும் ஒரு சிறு கழகத்தின் ரசிகர், அணி தோற்காதிருந்தால் ஜனவரியில் நடக்கும் மூன்றாம் சுற்றுக்கான குலுக்கலைச் சென்றடைகிறார். எண்ணிட்ட உருண்டைகளைப் பையிலிருந்து எடுக்கும் அக்குலுக்கல் 1935 முதல் வானொலியில் ஒலிபரப்பானது. முதலில் வரும் எண்ணுக்குரிய கழகம் தன் ஊரில் ஆடும், அடுத்து வருவது பயணம் செய்யும் என்பதால், எந்த ஊருக்கு எவ்வளவு தொலைவு செல்ல வேண்டும் என்பதை அறிய ரசிகர்கள் வானொலியைச் சூழ்ந்து நின்றனர்.

1949 ஜனவரி 29-இல் சாமர்செட்டின் கையுறைத் தொழில் நகரமான யோவில், முதல் பிரிவுக் கழகமான சண்டர்லாந்தைத் தன் சரிவான ஆடுகளத்தில் 2-1 என வென்றது. போருக்குப் பிந்தைய உற்பத்தி நெருக்கடியில், வார நாள்களில் மறு ஆட்டம் வைத்தால் ஆலைகளில் ஆள் குறையும் என்று கருதி, சமனான ஆட்டம் கூடுதல் நேரத்துக்கு நீட்டிக்கப்பட்ட காலம் அது. யோவிலின் வெற்றி கோல் அந்தக் கூடுதல் நேரத்தில்தான் விழுந்தது. அடுத்த சுற்றில் மான்செஸ்டர் யுனைடெட்டை எதிர்கொள்ள அந்நகர மக்கள் 300 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே செல்ல வேண்டியிருந்தது. பெட்ரோல் இன்னும் பங்கீட்டில் இருந்ததால் ரயிலே பெருந்துணை. யுனைடெட்டின் மைதானம் போரில் குண்டுவீச்சுக்கு இரையாகியிருந்தமையால் மெய்ன் ரோடு மைதானத்தில் 81,565 பேர் முன்னிலையில் நடந்த அவ்வாட்டத்தில் யோவில் 8-0 எனத் தோற்றது.

சமனான ஆட்டம் முடிவு காணும் வரை மறு ஆட்டங்கள் தொடர்ந்த காலத்தில் பயணத்துக்கு எல்லையே இல்லாதிருந்தது. 1971 நவம்பரில், நான்காம் தகுதிச் சுற்றில் ஆல்வ்சர்ச், ஆக்ஸ்ஃபோர்டு சிட்டி ஆகிய கழகங்கள் ஆறு ஆட்டங்களில் 11 மணி நேரம் ஆடிய பிறகே ஆல்வ்சர்ச் ஒரு கோலால் வென்றது.

வடகிழக்குக் கரையிலுள்ள பிளைத் ஒரு காலத்தில் ஐரோப்பாவின் முதன்மையான நிலக்கரி ஏற்றுமதித் துறைமுகங்களுள் ஒன்று. ரயில்வேயின் நட்டத்தைக் குறைக்கப் பல பாதைகளை மூடுமாறு பரிந்துரைத்த பீச்சிங் அறிக்கை 1963-இல் வெளிவந்ததற்கு மறு ஆண்டே அந்நகரம் பயணிகள் ரயிலை இழந்தது. ஆகவே அந்நகரின் பிளைத் ஸ்பார்ட்டன்ஸ் கழகம், ஆடுகள நிலையால் ஒத்திவைக்கப்பட்ட நான்காம் சுற்று ஆட்டத்துக்காக 1978 பிப்ரவரி 6, திங்கட்கிழமை மாலை ஸ்டோக் நகரில் இறங்கியபோது, பின்தொடர்ந்த ரசிகர்களுக்குத் தம் ஊரிலிருந்து ரயில் இல்லை. 2-1 எனப் பின்தங்கிய ஸ்பார்ட்டன்ஸ் 3-2 என வென்றது. அந்த இரவிலேயே திரும்பினால்தான் காலையில் வேலைக்குச் செல்ல முடியும் என்ற நிலை ரசிகர்களுக்கு மட்டுமன்றி, சுரங்கத் தொழிலாளியும் மின்பணியாளரும் இடம்பெற்றிருந்த அந்த அணிக்கும் பொருந்தியது. அடுத்து வேல்ஸின் ரெக்ஸமில் ஆட்டம் முடியும் தறுவாய் வரை ஸ்பார்ட்டன்ஸ் 1-0 என முன்னிலையில் இருந்தது. அப்போது ரெக்ஸமுக்குக் கிடைத்த மூலை உதையை, உறைந்த தரையில் ஊன்ற முடியாத மூலைக்கொடி சாய்ந்துவிட்டது என்று கூறி நடுவர் மீண்டும் எடுக்கச் செய்தார். அதிலிருந்து சமன் செய்யும் கோல் பிறந்தது. மறு ஆட்டம் நியூகாசில் மைதானத்தில் வைக்கப்பட்டபோது 42,167 பேர் உள்ளே இருக்க, ஆயிரக்கணக்கானோர் வாயிலில் நின்று திரும்பினர். ஸ்பார்ட்டன்ஸ் 2-1 எனத் தோற்றது. எனினும் தொழிலிழந்து வந்த ஒரு கரையோரப் பகுதி முழுவதும் தன்னை ஓர் ஊராக உணர்ந்த இரவாக அதைக் கருத இடமுண்டு.

1989-இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் கோப்பை அரையிறுதி காணச் சென்ற லிவர்பூல் ரசிகர்கள் நெரிசலில் சிக்கி, பின்னாளில் இறந்தவர்களையும் சேர்த்து 97 பேர் உயிரிழந்தனர். அதன் பின் மேலிரு பிரிவுகளின் மைதானங்கள் இருக்கைகள் மட்டுமே கொண்டவையாக மாறின. இன்று வருகை தரும் கழகம் மைதானக் கொள்ளளவில் 15 விழுக்காடு வரை இடம் கோரலாம். லீக் ஆட்டங்களில் கிடைப்பதை விட இது பெரும் பங்கு என்பதால், கோப்பைப் பயணம் சிறு கழகங்களுக்கு இன்றும் தனித்தன்மை உடையதாக இருக்கிறது. 2017-இல் காலிறுதியில் ஆர்சனலை எதிர்க்க லண்டன் வந்த லிங்கன் சிட்டியுடன் ஏறத்தாழ 9,000 பேர் வந்தனர். 2024 ஜனவரியில் ஆறாம் நிலைக் கழகமான மெய்ட்ஸ்டோன் யுனைடெட், இப்ஸ்விச் மைதானத்திலேயே அந்த அணியை 2-1 என வென்றது; 1988-இல் சொந்த மைதானத்தை இழந்து, 1992-இல் கலைந்து, மீண்டும் தொடங்கப்பட்டு, 2012-இல்தான் ஊருக்குள் புதிய மைதானம் கண்ட கழகம் அது.

கோப்பை ஆட்டத்தில் செலவு போக எஞ்சும் வசூலைக் கழகங்கள் பகிர்ந்துகொள்வதால், பெரிய கழகத்தின் மைதானத்தில் பெறும் சமநிலை சிறு கழகத்தின் கடனையே தீர்க்கக்கூடியது. ரசிகர்களின் அறக்கட்டளை ஏற்று நடத்திய எக்ஸிட்டர் சிட்டி, 2005 ஜனவரியில் மான்செஸ்டர் யுனைடெட்டின் ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் அக்கழகத்துடன் 0-0 எனச் சமன் செய்தது. தன் ஊரில் நடந்த மறு ஆட்டத்தில் தோற்றபோதும், அவ்விரு ஆட்டங்களின் வருவாய் அக்கழகத்தின் கடன்சுமையைத் தீர்க்கப் பேருதவி ஆயிற்று. பெருங்கழகங்களின் ஆட்ட அட்டவணை நெருக்கடியைக் காட்டி, 2024-25 பருவத்திலிருந்து முதன்மைச் சுற்றுகள் அனைத்திலும் மறு ஆட்டம் நீக்கப்பட்டுள்ளது. சமனாகும் ஆட்டம் இப்போது அன்றே, கூடுதல் நேரத்திலோ தேவைப்பட்டால் பெனால்டி உதைகளாலோ முடிகிறது. கீழ்நிலைக் கழகங்கள் பல எதிர்த்தும் எடுக்கப்பட்ட இம்முடிவால், பெரிய கழகமொன்று தன் ரசிகர்களுடன் சிற்றூருக்குப் பயணம் செய்ய வேண்டிய கட்டாயம் இனிக் குலுக்கல் அதை அவ்வூருக்கு அனுப்பும்போது மட்டுமே நேரும்.