இருபது வருஷ லைசென்ஸ்

மத்திகிரியிலிருந்து பாகலூர், மாலூர், பங்காரப்பேட்டை என்று போய்க்கொண்டே இருந்தால், சுமார் இரண்டு மணி நேரத்தில் சில மொட்டைக் குன்றுகள் கண்ணில் படும். கிட்டப் போனால் குன்று இல்லை. தங்கத்தைப் பிரித்துவிட்டுக் கொட்டிய மண்! கோலார் தங்க வயல்.

திப்பு சுல்தான் 1799-ல் வீழ்ந்தபின் எல்லையை அளக்க வந்தார் லெப்டினன்ட் ஜான் வாரன். 1802-ல், தங்கம் காட்டுபவருக்குப் பரிசு என்றார். கிராமத்து ஜனங்கள் வண்டி நிறைய மண்ணோடு வந்து, கண்ணெதிரே கழுவித் தங்கப் பொடியைக் காட்டினார்கள். அதை நம்பி இறங்கிய சிலருக்குப் பெரிதாக ஒன்றும் தேறவில்லை.

வாரனின் கட்டுரையைப் படித்துவிட்டு 1871-ல் பெங்களூரிலிருந்து மாட்டு வண்டி கட்டினார் மைக்கேல் ஃபிட்ஜெரால்டு லவெல். நியூசிலாந்தில் மாவோரிகளோடு நடந்த போரிலிருந்து திரும்பிய ஐரிஷ்காரர். 1873-ல் மைசூர் அரசுக்கு மனு போட்டார். அதிகாரிகளுக்குத் தங்கத்தில் நம்பிக்கை இல்லை. நிலக்கரி வேண்டுமானால் தேடிக்கொள்ளச் சொன்னார்கள். மனுஷன் விடவில்லை. 1875-ல் 20 வருஷ லைசென்ஸ் வாங்கியே விட்டார்.

ஆனால், லைசென்ஸ் வேறு, முதல் வேறு. பூமியைத் தோண்டப் பணம் பத்தவில்லை. 1877-ல் ராணுவ அதிகாரிகள் அடங்கிய குழுவிடம் உரிமை போனது. 1880-ல் லண்டன் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் வந்தது. கூடவே யந்திரங்கள், 1902-ல் சிவசமுத்திரத்து மின்சாரம்.

சரி, குழிக்குள் இறங்கியது யார்? பெரும்பாலும் வட ஆற்காடு, சேலம் ஜில்லாக்களின் தலித் ஜனங்கள். நம்ம ஓசூரும் அப்போது சேலம் ஜில்லாதான். மேலே தட்டி வீடு, கீழே பாறை வெடிப்பு, நெஞ்சுக்குள் கல்தூசி. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது. மொத்தமாக எடுத்தது சுமார் 800 டன் தங்கம்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று விடிவதற்குள் ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள்.

கணக்குப் புத்தகத்தில் சுரங்க உரிமை சொத்து, கூலி செலவு. சொத்தை விற்கலாம், வாங்கலாம். செலவு எழுதியதோடு சரி. இரண்டே வருஷம் லைசென்ஸ் வைத்திருந்த லவெல் பெயரில் பெங்களூரில் ரோடு இருக்கிறது. தலைமுறை தலைமுறையாக இறங்கியவர்களோ, சுரங்கம் மூடியபின் குடியிருந்த வீட்டுக்கே பத்திரம் கேட்டு அலைய வேண்டியிருந்தது.

தங்கத்துக்கு மனு போட்டவருக்கு இரண்டு வருஷத்தில் பதில் வந்தது!