சுண்ணாம்பும் அவுரியும்

தீபாவளி நெருங்கும் காலத்தில் நம் இல்லங்களில் எழும் முதல் விவாதம், சுவருக்கு எந்த வண்ணம் பூசுவது என்பதாகும். சாயக் கடைக்காரர் நீட்டும் அட்டையில் நூற்றுக்கணக்கான வண்ணங்கள் அணிவகுத்து நிற்கின்றன. கண்ணுக்கு இனியது எது என்பதொன்றே நமது அளவுகோலாகிறது. நம் முன்னோர்க்கு அத்தகைய வாய்ப்பு இருந்ததில்லை. அவர்களுடைய சுவரில் எந்த நிறம் நிலைக்கும் என்பதைச் சுண்ணாம்பே முடிவு செய்தது. அந்தச் சுண்ணாம்பின் வரலாற்றில் நம்மவரின் வியர்வையும் கலந்திருக்கிறது என்பதை நம்மில் பலர் மறந்துவிட்டோம்.

1822ஆம் ஆண்டில் ராபிள்ஸ் வகுத்த நகரத் திட்டம், சிங்கப்பூரின் கடைவீடுகள் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்பட வேண்டும் என்றும், அவற்றின் முன்னே நடைபாதைத் தாழ்வாரம் அமைய வேண்டும் என்றும் விதித்தது. அத்தாப்புக் குடிசைக்குப் பூச்சு வேண்டியதில்லை. செங்கற்சுவருக்கோ அது இன்றியமையாதது. ஆகவே நகரம் வளர வளரச் சுண்ணாம்பின் தேவையும் வளர்ந்தது. சிராங்கூன் சாலைப் பகுதியில் சுண்ணாம்புக் காளவாய்கள் எழுந்தன. தமிழர் அவ்விடத்தைச் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என அழைத்தனர். வீரமாகாளியம்மன் ஆலயமும் முற்காலத்தில் சுண்ணாம்புக் கம்பத்துக் கோயில் என்றே வழங்கப்பட்டது. மலாய் மொழியின் ‘காப்போர்’ என்னும் சொல்லும் சுண்ணாம்பையே குறிக்கும். காளவாய்கள் மறைந்துவிட்டன, கம்போங் காப்போர் சாலை என்னும் பெயர் இன்னும் நிற்கிறது.

1825ஆம் ஆண்டு முதல் இந்தியக் கைதிகள் சிங்கப்பூருக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுடைய உழைப்பில் 1856க்கும் 1861க்கும் இடையே எழுந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தின் உட்சுவர்களில் ‘மதராஸ் சுண்ணம்’ பூசப்பட்டது. சிப்பிச் சுண்ணாம்புடன் முட்டையின் வெண்கருவையும் நாட்டுச் சர்க்கரையையும் சேர்த்து அடித்து, தேங்காய் மட்டை ஊறிய நீரில் குழைத்து, பூசிக் காய்ந்தபின் வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றினர். தென்னாட்டுக் கொத்தர்களின் கைத்திறன் கடல் கடந்து வந்து, கைதிகளின் கைகளால் ஒரு தேவாலயத்தின் வெண்மையாயிற்று. அச்சுவரைக் கண்டு வியப்போர் அக்கைகளையும் ஒரு கணம் எண்ண வேண்டாமோ?

வெண்மை போதும் என்று மனிதர் இருந்துவிடவில்லை. எனினும் சுண்ணாம்பின் காரம் எல்லா நிறத்தையும் ஏற்பதில்லை. பல சாயங்கள் அதனோடு சேர்ந்தால் வெளிறிப்போகும். காவிமண், மஞ்சள்மண் போன்றவை நிலைக்கும். பழைய கடைவீடுகளின் நிறங்கள் மென்மையாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

நீலத்தின் கதையோ வேறு. பினாங்கின் லீத் தெருவில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனச் செல்வர் சியோங் ஃபாட் சே எழுப்பத் தொடங்கிய மாளிகையில் 38 அறைகளும் 220 சன்னல்களும் உள்ளன. அதன் புகழோ சுவரின் நீலத்தால் வந்தது. சுண்ணாம்பில் அவுரிச் சாயத்தைக் கலந்து பெற்ற நிறம் அது. அந்த அவுரி இந்தியாவிலிருந்து வந்தது. வங்கத்து உழவர்கள் தம் நெல் வயலில் அவுரி பயிரிடுமாறு தோட்ட முதலாளிகளால் வற்புறுத்தப்பட்டு, 1859இல் கிளர்ந்தெழுந்த வரலாறு நாம் அறிந்ததே. 1897இல் செருமனியிலிருந்து செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் அவுரி வாணிபம் சரிந்தது. கண்ணுக்குக் குளிர்ச்சி தரும் ஒரு நிறத்தின் பின்னே எத்தனை வயிறுகளின் வெப்பம்!

பின்னர் ஆலைச் சாயங்கள் வந்தன. எந்த நிறமும் எந்தச் சுவருக்கும் ஏறும் என்ற நிலை பிறந்தது. தீங்கும் அங்கேதான் தொடங்கியது. பழைய செங்கற்சுவர் நிலத்தின் ஈரத்தை உறிஞ்சுவது. சுண்ணாம்புப் பூச்சின் நுண்துளைகள் வழியே அதை வெளியே விடுவது. நமது மழைநாட்டில் சுவர் மூச்சு விடுவது அவ்வாறுதான். அதன்மேல் நெகிழித் தன்மையுள்ள சாயத்தைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்புப் பூக்கும், பூச்சு கொப்புளித்து உதிரும், காலப்போக்கில் செங்கல்லும் பொடியாகும். பினாங்கு மாளிகையைப் புதுப்பித்தவர்கள் மீண்டும் சுண்ணாம்பையும் நீலத்தையுமே நாடினர். அப்பணி 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுடைமை விருதைப் பெற்றது.

அடுக்குமாடி வீட்டின் சிமெண்டுச் சுவருக்கு இக்காலச் சாயம் பொருந்தும். அதில் குறை காண வேண்டியதில்லை. வெளிர்நிறம் வெயிலைத் திருப்பி அனுப்பும், அடர்நிறம் வெப்பத்தை ஈர்க்கும் என்பதை மட்டும் நினைவிற் கொண்டால் போதும். ஆனால் பாட்டன் கட்டிய செங்கல் வீட்டையோ பழைய கடைவீட்டையோ பேணும் பொறுப்புடையவர்கள், வண்ண அட்டையைப் பார்க்குமுன் சுவரைப் பார்க்க வேண்டும். அது எதனால் ஆனது, ஈரம் எவ்வழி வெளியேறுகிறது என்பதை அறிந்த பின்னரே நிறத்தை ஆராய வேண்டும். சுண்ணாம்புக் கம்பத்தில் வெந்த கைகள் நமக்கு விட்டுச் சென்ற பாடம் இதுவே. அழகுக்காகப் பூசும் சாயம் சுவரின் ஆயுளைக் குறைக்குமாயின், அதனால் பயன் யாது?