'இந்தியாவைச் சந்திக்க வருவோர்'

ஐப்பசி மழைக்காலத்தில் கோட்டக்குப்பத்து மின்கம்பிகளில் வரிசையாக அமரும் சிறு குருவிகளைப் பலரும் கண்டிருக்கலாம். கருநீல முதுகு, செந்நிறத் தொண்டை, பிளவுபட்ட நீள்வால். தமிழில் தகைவிலான், அரபியில் குத்தாஃப்.

உருது பேசுவோர் இதனை 'அபாபீல்' என்பர். எனவே யானைப் படையை அழித்த பறவை இதுவே என எண்ணுவோரும் உளர். திருக்குர்ஆனின் 105ஆம் அத்தியாயத்தில் வரும் அச்சொல் பறவையின் பெயரன்று. 'கூட்டங்கூட்டமாக' என்பதே அதன் பொருள் என்பர் அரபு மொழியறிஞர்.

கெய்ரோவில் வாழ்ந்த இமாம் தமீரீ (ரஹ்) அவர்கள் (ஹி. 742–808, கி.பி. 1341–1405) தம் 'ஹயாத்துல் ஹயவான்' நூலில் இதற்கு 'ஸுவ்வாருல் ஹிந்த்' என்னும் பெயரைக் குறிக்கிறார், 'இந்தியாவைச் சந்திக்க வருவோர்' என்பது பொருள். மனிதரை நாடி வந்தும் அவர்தம் உணவில் பங்கு கேளாமையால் மக்கள் இதனை நேசித்துச் 'சுவனக் குருவி' என்றனர் என்றும் எழுதுகிறார்.

இதன் பின்னரும், 1555இல், சுவீடன் நாட்டுப் பேராயர் ஓலாஸ் மாக்னஸ் இக்குருவிகள் குளிர்காலத்தை நீருக்கடியில் கழிப்பதாக எழுதினார். 1911இல் இங்கிலாந்தில் காலில் வளையமிடப்பட்ட ஒரு தகைவிலான் 1912 டிசம்பரில் தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் கிடைத்தபோதுதான் அதன் வழி ஐயமற விளங்கிற்று.

எனினும் அரபியர் இட்ட பெயரும் முழுமையன்று. ஐரோப்பியக் குருவிகள் ஆப்பிரிக்கா செல்கின்றன. நைல் பள்ளத்தாக்கின் குருவிகளோ ஊரைவிட்டு அகல்வதில்லை. நம்மிடம் வருபவை இமயச் சாரலிலும் அதற்கு வடக்கேயுள்ள ஆசிய நிலங்களிலும் கூடு கட்டுபவை. காஷ்மீரத்து வீடுகளின் உத்தரங்களில் சேற்றுருண்டைகளால் அவை கட்டும் கூட்டை நாம் இங்கே காண்பதில்லை; கோடை முதிருமுன் அவை திரும்பிவிடுகின்றன.

ஆகவே அவை நம்மிடம் வேண்டுவது கூட்டுக்கு இடமன்று. பூச்சிகள் பறக்கும் வயலும் நீர்நிலையுமே. அருகிலுள்ள கழுவெளி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது நற்செய்தி. ஆயினும் சரணாலய எல்லையைக் குருவி அறியாது. ஊர்க்குளங்களும் வயல்களும் மனைகளாகிவிடின் விருந்தாளிக்கு உணவேது? கடல் கடந்து பொருளீட்டித் திரும்பும் மக்களைக் கொண்ட நம் ஊருக்கு, பயணியின் தேவையை எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. இமாம் அவர்கள் பதிந்த பெயர் பொய்க்காதிருப்பது நம் கையிலும் உள்ளது.