பெயரும் பணித்திறனும்: மார்லின் குறுங்குழல் துப்பாக்கியின் மறுவருகை

அமெரிக்க ஐக்கிய நாட்டில் வேட்டையோடும் குதிரைச் சவாரியோடும் பின்னிப் பிணைந்து வளர்ந்த கருவி ஒன்று உண்டு. அதுவே நெம்புகோல் துப்பாக்கி. விசையைச் சுற்றி, விரல்களை நுழைத்துப் பிடிப்பதற்கான இரும்பு வளையம் ஒன்று இதன் அடியில் அமைந்திருக்கும். அவ்வளையத்தைக் கீழே தள்ளினால் வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியே தெறிக்கும். சுத்தியும் பின்னே சென்று நிற்கும். வளையத்தை மேலே இழுத்தால் புதிய தோட்டா குழலுக்குள் ஏறும். துப்பாக்கியைத் தோளினின்றும் இறக்காமலே அடுத்த குண்டைச் சுடலாம் என்பதே இதன் தனிச்சிறப்பு.

2021-ஆம் ஆண்டின் இறுதியில் இவ்வகைத் துப்பாக்கி ஒன்று மீண்டும் விற்பனைக்கு வந்தது. மார்லின் என்னும் பழம்பெயரும் 1895 என்னும் பழைய எண்ணும் அதற்குச் சூட்டப்பட்டிருந்தன. ஆயினும் அதனைச் செய்தது ரூகர் என்னும் வேறொரு நிறுவனம். அடுத்த ஆண்டிலேயே குழலை இன்னும் குறுக்கி, 16.1 அங்குல நீளத்தில் ‘டிராப்பர்’ என்னும் வகையையும் அந்நிறுவனம் வெளியிட்டது. உடனே வேட்டைக்காரரிடையேயும் பழந்துப்பாக்கி சேர்ப்போரிடையேயும் ஒரு கேள்வி எழுந்தது: இதனை மார்லின் என்று அழைக்கலாமா? இக்கேள்விக்கு விடை காண வேண்டுமாயின், அப்பெயர் கடந்து வந்த நூற்றைம்பது ஆண்டு வரலாற்றைத் திரும்பிப் பார்த்தல் வேண்டும்.

மார்லின் பட்டறையின் தோற்றம்

ஜான் மாலன் மார்லின் 1836-இல் கனெக்டிகட் மாநிலத்தில் பிறந்தவர். இளமையில் கருவி செய்யும் தொழிலைக் கற்றார். உள்நாட்டுப் போர்க் காலத்தில் ஹார்ட்போர்டு நகரிலிருந்த கோல்ட் ஆலையில் பணிபுரிந்தார். 1870-இல் நியூ ஹேவன் நகரில் தமக்கெனத் தொழிலைத் தொடங்கினார். அதே நகரில்தான் வின்செஸ்டர் நிறுவனமும் பெருஞ்செல்வாக்குடன் விளங்கியது. 1860-இல் டைலர் ஹென்றி உரிமை பெற்ற நெம்புகோல் துப்பாக்கியின் வழிவந்தவை வின்செஸ்டரின் துப்பாக்கிகள். இத்துறையில் அவ்வளவு பெரிய நிறுவனத்தோடு போட்டியிடுவது எளிய செயலன்று.

ஆனால் வின்செஸ்டரிடம் ஒரு குறை இருந்தது. அமெரிக்கப் படை 1873-இல் ஏற்றுக்கொண்ட 45-70 என்னும் பெருந்தோட்டாவை அதன் அன்றைய நெம்புகோல் அமைப்புத் தாங்கவில்லை. இப்பெயரில் முதல் எண், குண்டின் பருமன் ஓர் அங்குலத்தில் நூற்றில் 45 பங்கு என்பதைக் குறிக்கும். இரண்டாம் எண், அதில் அடைத்த கரும்வெடிமருந்தின் எடை 70 கிரெயின், அதாவது சற்றேறக்குறைய நாலரை கிராம் என்பதைக் குறிக்கும். மார்லின் 1881-இல் வெளியிட்ட தம் முதல் நெம்புகோல் துப்பாக்கி இத்தோட்டாவை ஏற்றது. வின்செஸ்டர் 1886-இல் ஜான் பிரௌனிங் என்னும் பேரறிஞரின் அமைப்பைக் கொண்டே இதற்கு ஈடுகொடுக்க முடிந்தது.

அதே 1886-இல் வேறொரு நிகழ்ச்சியும் நடந்தது. நியூயார்க் மாநிலத்தின் இலியன் நகரிலிருந்த ரெமிங்டன் நிறுவனம் கடனில் மூழ்கியது. அங்கே பணியாற்றிய லூயிஸ் ஹெப்பர்ன் என்னும் வல்லுநர் மார்லினிடம் வந்து சேர்ந்தார். 1889-ஆம் ஆண்டு மார்லின் துப்பாக்கி அவருடைய ஆக்கம். இதன் இயந்திரப் பெட்டியின் மேற்புறம் முழுதும் மூடப்பட்டது; வெற்றுக்கூடு வலப்பக்கமாகத் தெறித்தது. பிற்காலத்தில் தொலைநோக்கிக் கண்ணாடியை மேலே பொருத்த வேட்டைக்காரர் விரும்பியபோது இவ்வமைப்பே மார்லினுக்குப் பெருந்துணையாயிற்று. வின்செஸ்டரின் வெற்றுக்கூடோ மேல்நோக்கித் தெறித்தது. 1893, 1894, 1895 ஆகிய ஆண்டுகளின் பெயர் தாங்கிய துப்பாக்கிகளும் ஹெப்பர்னின் பணியே. இலியன் நகரிலிருந்து நியூ ஹேவனுக்குக் கலை பெயர்ந்து வந்த கதை இது. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் பின்னர் அது எதிர்த்திசையில் பெயர்ந்தபோது என்ன நேர்ந்தது என்பதைப் பின்னர்க் காணலாம்.

1895 என்னும் எண்

முதல் 1895, பெருவிலங்கு வேட்டைக்கென அமைந்தது. முதல் உலகப் போர்க் காலத்தோடு அதன் உற்பத்தி நின்றது. ஜான் மார்லின் 1901-இல் மறைந்தார். 1915-இல் நிறுவனம் குடும்பத்தின் கையை விட்டு நீங்கிப் போர்க்காலத்தில் இயந்திரத் துப்பாக்கிகளைச் செய்தது. போர் முடிந்தபின் நலிவுற்று, 1924-இல் ஏலத்திற்கு வந்தது. பிராங்க் கென்னா என்பவர் 100 டாலருக்கு அதனை ஏலத்தில் எடுத்தார். ஆனால் அதன்மேலிருந்த ஒரு லட்சம் டாலர் அடைமானக் கடனையும் அவரே ஏற்க வேண்டியதாயிற்று. அவர் குடும்பத்தினர் 2007 வரை அதனைக் கட்டிக் காத்தனர்.

அக்குடும்பத்தின் காலத்தில் 1948-இல் வந்த 336 என்னும் துப்பாக்கி மான் வேட்டைக்காரரின் உற்ற துணையாயிற்று. 1972-இல் 45-70 தோட்டாவுக்கென 1895 என்னும் எண்ணும் மீண்டும் உயிர் பெற்றது. ஈண்டு ஒன்று கருதத்தக்கது. 1972-இல் வந்த 1895-இன் உள்ளமைப்பு ஹெப்பர்னின் பழைய 1895-ஐச் சார்ந்ததன்று. 336-இன் அமைப்பையே வலுப்படுத்திச் செய்தது. பெயர் மட்டுமே பழையது. அன்றும் அது மறுவருகையே. ஆயினும் அதனை எவரும் போலி எனக் கூறவில்லை. காரணம், அதே நிறுவனத்தின் கைவினைஞர் செய்த நல்ல பொருளாக அது இருந்தமையே. ஆகவே, பழைய அமைப்பை இம்மியும் பிசகாமல் பின்பற்றுவது ஒன்றே உரிமைக்குச் சான்று என்று கொள்வதற்கில்லை.

குழல் குறுகிய கதை

குறுங்குழல் என்பது புதிய எண்ணமன்று. பொறி வைத்துத் தோல்விலங்கு பிடிப்போரை ஆங்கிலத்தில் ‘டிராப்பர்’ என்பர். புதர்க்காட்டிலும் சிறு படகிலும் அலைந்த அவர்களுக்கு நீண்ட குழல் இடையூறாயிற்று. எனவே வின்செஸ்டர் நிறுவனம் 14, 15 அங்குலக் குழல்களையும் சிலருக்குச் செய்து கொடுத்தது. 1934-இல் அமெரிக்க நடுவணரசு இயற்றிய சட்டம் 18 அங்குலத்திற்குக் குறைந்த குழலுடைய துப்பாக்கிகளைப் பதிவுக்கும் வரிக்கும் உட்படுத்தியது. ஆடைக்குள் மறைத்துச் செல்லும் ஆயுதங்களைக் கட்டுப்படுத்துவதே அதன் நோக்கம். 1960-இல் ரைபிள்களுக்கு அவ்வளவு 16 அங்குலமாகத் தளர்த்தப்பட்டது. புதிய டிராப்பரின் குழல் 16.1 அங்குலமாக நிற்பதன் காரணம் இப்போது விளங்கும். சட்டத்தின் எல்லைக்கு மயிரிழை இப்பால் அது நிற்கிறது.

மார்லின் 1895-இல் குழல் குறுகியது 1998-இல். அலாஸ்காவில் வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் வழிகாட்டிச் செல்வோர் கரடிக்கு அஞ்சி வாழ்பவர். அவர்களைக் கருத்திற்கொண்டு 18.5 அங்குலக் குழலுடன் ‘கைடு கன்’ என்னும் வகை வந்தது. பின்னர்த் துருவேறா எஃகினாலும், கையுறையோடு பிடிக்கத்தக்க பெரிய வளையத்தோடும் ‘எஸ்.பி.எல்.’ என்னும் வகையும் வந்தது. 2015-இல் வெளியான ‘ஜுராசிக் வேர்ல்ட்’ திரைப்படத்தின் கதாநாயகன் கையில் இருந்தது இதுவே. துப்பாக்கியைத் தொட்டறியாதாரும் அதன்பின் இதனை அறிந்தனர்.

குழல் குறுகுவதில் ஊதியமும் உண்டு, இழப்பும் உண்டு. எடை குறைகிறது, மரக்கிளையில் சிக்குவதில்லை. ஆனால் ஓசையும் தீப்பொறியும் மிகுகின்றன. தோளில் உதைப்பும் கூடுகிறது. குழலின் அடியில் தோட்டாக்களை வரிசையாக அடைக்கும் குழாயும் குறுகுவதால் டிராப்பரில் ஐந்து தோட்டாக்களே கொள்ளும். உதைப்பின் கடுமையைப் பழைய குதிரைப்படையினரும் அறிவர். அவர்களுடைய குறுந்துப்பாக்கிக்கு 70 கிரெயினுக்கு மாற்றாக 55 கிரெயின் மருந்தே அடைத்துக் கொடுத்தனர். மறுபுறம், 45-70 இயல்பிலேயே கனத்த குண்டை மெல்லச் செலுத்துவது; ஆதலின் குழல் குறுகியதால் வலிவெல்லாம் போய்விடும் என்று அஞ்ச வேண்டியதில்லை.

இடம் பெயர்ந்த பட்டறை

2007-இன் இறுதியில் ரெமிங்டன் நிறுவனம் மார்லினை விலைக்கு வாங்க ஒப்பந்தம் செய்தது. 2010-இல் ஓர் அறிவிப்பு வந்தது. 1969 முதல் நார்த் ஹேவனில் இயங்கிவந்த ஆலை மூடப்படும். உற்பத்தி வேறிடத்திற்கு மாற்றப்படும் என்பதே அது. இருநூற்றுக்கு மேற்பட்டோர் வேலையிழந்தனர். இயந்திரங்கள் இலியன் நகருக்குச் சென்றன. அவற்றை இயக்கிய கைகள் பெரும்பாலும் செல்லவில்லை.

அதன்பின் வந்த துப்பாக்கிகளைப் பற்றிக் குறைகள் குவிந்தன. மரமும் இரும்பும் சேருமிடத்தில் இடைவெளி. நேராக நில்லாத குறிமுனை. கரகரத்து நகரும் நெம்புகோல். இதற்கு அத்துறை எழுத்தாளர்கள் கூறிய காரணம் சிந்திக்கத்தக்கது. தேய்ந்த பழைய இயந்திரங்களைக் கொண்டு நல்ல பொருளைச் செய்ய நார்த் ஹேவன் தொழிலாளர் பழகியிருந்தனர். எந்தப் பொறி எவ்வளவு விலகும், எந்த உறுப்பை எங்கே அரத்தால் தேய்த்தல் வேண்டும் என்பன அவர்கள் அறிந்தவை. வரைபடத்தில் எழுதப்படாதவை அவை. ஏட்டுச் சுவடியில் சிதைந்த இடத்தை, மரபறிந்த ஆசிரியர் தம் நினைவினால் நிரப்பிப் பாடஞ்சொல்வார். அவ்வாசிரியர் மறைந்து சுவடி மட்டும் எஞ்சினால் மாணவர் தடுமாறுவர். இலியனில் நேர்ந்ததும் அத்தகையதே. நாளடைவில் அங்கும் திருத்தம் ஏற்பட்டது என்று பலர் ஒப்பினர். எனினும் பழித்த பெயர் எளிதில் மீளவில்லை. குழலின் அடிப்பக்கத்தில் ‘ஜே.எம்.’ என்னும் பழைய முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கும் வழக்கம் வேரூன்றியது. அம்முத்திரையுடைய பழைய துப்பாக்கிகளின் விலையும் உயர்ந்தது.

2020-இல் ரெமிங்டன் மீண்டும் நொடித்துப்போய் அதன் சொத்துகள் ஏலத்திற்கு வந்தன. மார்லினின் உரிமையை ரூகர் ஏறத்தாழ 2 கோடியே 83 லட்சம் டாலருக்கு வாங்கியது. 1924-க்குப் பின் மார்லின் ஏலம் போனது இது இரண்டாம் முறை.

மாறுபட்ட கருத்துகள்

ரூகர் நிறுவனம் அவசரப்படவில்லை. உரிமை கைக்கு வந்தபின் ஏறத்தாழ ஓராண்டு கழித்தே, வட கரோலினாவின் மேயோடன் ஆலையிலிருந்து முதல் துப்பாக்கியை அனுப்பியது. அடிப்படை அமைப்பு பழையதே. செய்யும் முறை புதிது. கணினியால் இயங்கும் பொறிகள் உறுப்புகளைக் கடைந்தன. குழல், குளிர்நிலையில் சுத்தியலால் அடித்து உருவாக்கப்பட்டது. தாங்கள் செய்தவை என்பது விளங்கத் தொடர் எண்ணின் முன்னே ‘ஆர்.எம்.’ என்னும் எழுத்துகளையும் பொறித்தனர்.

சுட்டுப் பார்த்தோரில் பலர் பாராட்டினர். மரமும் இரும்பும் இடைவெளியின்றி இணைந்திருப்பதும், நெம்புகோல் வழுவழுப்பாக நகர்வதும், குறி தவறாமையும் அவர்கள் எடுத்துக் காட்டியவை. ஜே.எம். முத்திரைத் துப்பாக்கியினும் இது செம்மையானது என்றோரும் உண்டு. மாற்றுக் கருத்தினரோ, ஆயிரம் டாலருக்கு மேற்பட்ட விலையைக் குறை கூறினர். ஓசையடக்கி பொருத்தக் குழல் முனையில் வெட்டிய திருகுமரை வேட்டைக் கருவிக்கு ஒவ்வாத அணி என்றனர். பல அடுக்கு ஒட்டுமரத்தினும் வாதுமை மரமே இதற்கு அழகு என்றனர். குறுக்கே அழுத்தும் காப்புப் பொத்தானைச் சாடியோரும் உண்டு. ஆனால் அப்பொத்தான் 1980-களில் மார்லின் நிறுவனமே சேர்த்தது. பழமை என்று போற்றப்படுவதற்குள்ளும் பல காலத்துச் சேர்க்கைகள் இருக்கின்றன என்பதற்கு இஃதொரு சான்று.

வின்செஸ்டரின் வரலாறும் இதனை ஒத்ததே. பிரௌனிங்கின் 1894 துப்பாக்கியில் செலவைக் குறைக்க 1964-இல் செய்த மாற்றங்களால், அவ்வாண்டுக்கு முந்தியவற்றையே தேடி வாங்கும் வழக்கம் இன்றளவும் நிலவுகிறது. நியூ ஹேவனின் ஆலை 2006-இல் மூடப்பட்டது. 2010 முதல் ஜப்பானின் மிரோக்கு நிறுவனம் அத்துப்பாக்கியைச் செய்து தருகிறது. அதன் வேலைத்திறனைக் குறை சொல்வோர் சிலரே. ஒரே நகரில், அதே பெயருக்குரிய நிறுவனம் செய்தபோதே தரம் தாழ்ந்ததும் உண்டு. கடல் கடந்து பிறர் செய்தபோது உயர்ந்ததும் உண்டு.

இவற்றால் பெறப்படுவது யாதெனின், ஒரு பெயரை ஏலத்தில் வாங்கலாம். வரைபடங்களையும் பொறிகளையும் வண்டியில் ஏற்றிச் செல்லலாம். தொழிலறிவை அவ்வாறு பெயர்த்தெடுக்க இயலாது. அதனை உடையாரை உடனழைத்துச் செல்லுதல் வேண்டும். இயலாதெனின் முதலிலிருந்து கற்றல் வேண்டும். 1886-இல் மார்லின் முதல்வழியைக் கைக்கொண்டார், ஹெப்பர்னையே அழைத்துக்கொண்டார். 2021-இல் ரூகர் இரண்டாம் வழியைக் கைக்கொண்டது. இவ்விரண்டுமின்றிப் பொறிகளை மட்டும் பெயர்த்ததனால் விளைந்த இழப்பையே இடைப்பட்ட பத்தாண்டு காட்டியது. இலியன் நகரின் பழைய ஆலையும் 2024-இல் மூடப்பட்டுவிட்டது. அங்கிருந்தோரின் கைப்பழக்கத்தில் எழுதப்படாமல் இருந்தவை எவையெவை என்பதை, அவர்கள் விட்ட பணியைத் தொடர்வோர்தாம் இனி ஒவ்வொன்றாகக் கண்டறிய வேண்டும்.